தேநீரில் ஊறிய கிஸ்மிஸ்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. சமையல் குறிப்பு வாங்கப் போன வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தேன்.

ஒரு வார இதழில் அரைப்பக்கச் சமையல் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியருக்கு அந்த வாரம் கனிந்து கறுத்துப்போன வாழைப்பழத்தில் வீட்டிலேயே செய்யும் கேக் வேண்டுமாம். தலைப்பு ‘வாழைப்பழ ரொட்டி’ என்று இருக்க வேண்டுமாம். பினாங்கில் எந்த வீட்டிலும் அப்படிச் சொல்லி என் காது கேட்டதில்லை. பனானா கேக் என்பார்கள். ரொட்டி என்று கேட்டால் இங்கே குழம்பு ஊற்றி, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயைக் கொண்டுவந்து வைப்பார்கள். சரி, அவர் பத்திரிகை, அவர் இஷ்டம்.

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் ஐரீன் இருக்கிறாள். நான் பாடம் நடத்திய பள்ளியில் அலுவலகக் கிராணியாக இருந்து, என்னைப் போலவே ஓய்வுபெற்றவள். இன்னமும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அவள் சுடும் பனானா கேக்கைத் தின்றவர்கள் வேறு கேக்கைத் தொட மாட்டார்கள். நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன்.

“நல்லாக் கறுத்த பெராங்கான் பழம் அஞ்சு எழுதுங்க டீச்சர். தோலைப் பாத்து பயந்துடக் கூடாது, கறுக்கக் கறுக்கத்தான் இனிப்பு. முள்கரண்டியால மசிக்கணும், மெஷின்ல போட்டா களியாயிடும். முட்டை ரெண்டு. சீனி கொஞ்சமாப் போதும். அப்புறம் கிஸ்மிஸ் ஒரு கைப்பிடி, முன்னாடியே டீத் தண்ணியில ஊற வச்சு...”

அதோடு நின்றுவிட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். கிஸ்மிஸுக்காக அழுத மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த வாரம் என் பத்தி வெளிவரவில்லை.

2

இதை எப்படித் தொடங்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். எழுதி அடித்தவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன், பாருங்கள்.

‘மழை பெய்துகொண்டிருந்த ஓர் அக்டோபர் காலையில் ஐரீன்...’ (வேண்டாம். எழுதத் தெரியாதபோதெல்லாம் நான் மழையைப் பெய்ய விடுவேன். அன்று நல்ல வெயில்.)

‘இருபத்திரண்டு ஆண்டுகளாக எதிரெதிர் வீடுகளில் வாழ்ந்துவரும் அவ்விரு பெண்களும், சமயங்களைக் கடந்த...’ (ஐயோ. பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு நானே எழுதிக்கொடுத்தது போல இருக்கிறது. ஐரீனிடம் படித்துக் காட்டினேன். “இது யாரு டீச்சர், நாங்களா?” என்றாள்.)

கடைசியில் அவள்தான் வழி காட்டினாள். “கேக் அச்சுலேர்ந்து ஆரம்பிங்க” என்றாள். ஆகவே அச்சு.

எதிர்வீட்டில் இருப்பவர் சித்தி ஹாஜரா. ஐரீனைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் அவளுக்கு ஹாஜராக்கா. அக்காவின் கணவர் ஷேக் அலாவுதீனும் ஐரீனின் கணவர் பீட்டரும் துறைமுகக் கிடங்கு அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. குடிவந்த நாள் முதல் ஐரீன் எது சுட்டாலும் எதிர்வீட்டுக்கு ஒரு பங்கு போகும். அக்காவும் சிரித்த முகமாக வாங்கிக்கொள்வார். இப்படி ஆறு வருடம் ஓடியது. ஒருநாள் கீழே காவல் இருக்கும் சீனக் கிழவர் ஐரீனைப் பிடித்து நிறுத்தி, உன் கேக் பிரமாதம், ஆறு வருடமாகத் தின்கிறேன் என்று மலாயில் புகழ்ந்து தள்ளிவிட்டார்.

ஐரீனுக்கு முகம் செத்துப்போனது. ஆனால் மனதில் வைத்துப் புழுங்குகிற ஜாதி இல்லை அவள். நேரே போய்க் கேட்டாள்: “பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாம்லக்கா?”

“பிடிக்காம இல்ல புள்ள” என்றார் ஹாஜராக்கா. “உன் வீட்டு அச்சுல, சட்டியில என்னென்ன வேகுதுன்னு எனக்குத் தெரியாதுல்ல. உன்கிட்ட கேக்கவும் வெக்கமாப் போச்சு.”

மறுநாள் இருவருமாகப் பசாருக்குப் போனார்கள். ஒரு நீள அச்சு, ஒரு கிண்ணம், ஒரு மரக்கரண்டி. மூன்றையும் அக்காவே பொறுக்கி எடுத்தார். அவை ஐரீன் வீட்டு மேல் தட்டில் தனியாக ஒரு பைக்குள் இருக்கும். பீட்டர் அந்தப் பையைத் தொடவே கூடாது. அன்றிலிருந்து வெண்ணெய், எசென்ஸ் வரைக்கும் ஹலால் முத்திரை பார்த்துத்தான் வாங்கினாள். எதிர்வீட்டிலும் கேக் அங்கேயே தின்னப்பட்டது. அச்சு வாங்கிய இந்தப் பதினாறு வருடத்தில் ஹாஜராக்கா ஒருமுறைகூட “இதுல என்ன போட்டே?” என்று கேட்டதில்லை. ஐரீனுக்கு அதில் உள்ளூர அவ்வளவு பெருமை. பிள்ளை பட்டம் வாங்கியதைச் சொல்வது போலத்தான் அதை என்னிடம் சொன்னாள்.

3

போன வருடம் அலாவுதீன் இறந்துபோனார். இந்த அக்டோபரில் அவருடைய வருட நினைவு நாள் பாத்திஹா. தட்டுத் தட்டாக வாழைப்பழம் வைத்து ஓதினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது போக இரண்டு சீப்பு மிஞ்சியது. பினாங்கு வெக்கை தெரியுமே, ஒரு வாரத்தில் அவை கரிக்கட்டையாகிவிட்டன.

ஹாஜராக்கா அவற்றைத் தூக்கிக்கொண்டு ஐரீன் வீட்டு வாசலில் வந்து நின்றார். “ஓதின பழம். குப்பையில போட மனசு வரல லா. இதுல அவருக்குப் பிடிச்ச உன் கேக்கைப் போட்டுத் தா. வெள்ளிக்கிழமை யாசீன் ஓத நாலு பேரு வர்றாங்க, அவங்களுக்கும் ஆச்சு.”

வெள்ளிக்கிழமை காலையில் ஐரீன் கிஸ்மிஸைக் கட்டன் தேநீரில் ஊறப்போட்டாள். பையிலிருந்த கிண்ணம் மாவு கலக்கத் தேவைப்படும் என்பதால் அடுப்படியில் கைக்கு அகப்பட்ட சாதாரணக் கோப்பை ஒன்றில் போட்டாள். வெறும் கிஸ்மிஸ்தானே என்று நினைத்தாள். தட்டால் மூடிவிட்டு முட்டை வாங்கக் கீழே இறங்கினாள்.

(இங்கே ஒரு விளக்கம் தேவைப்படலாம். கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு அக்டோபரிலேயே கிஸ்மிஸும் மற்ற உலர்பழங்களும் பிராந்தியில் ஊறத் தொடங்கிவிடும். ஐரீனின் அடுப்படியில் பீட்டருக்கு இருந்த ஒரே உத்தியோகம் அந்தப் பிராந்தி ஊற்றுவதுதான். அதை அவர் பூசைக்குப் போகிற மாதிரி, குளித்து முடித்துவிட்டுத்தான் செய்வார்.)

பீட்டர் குளித்துவிட்டு வந்தார். மேசையில் மூடிவைத்த கோப்பை. திறந்தால் பழுப்பு நீரில் கிஸ்மிஸ். இந்த வருடம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டாளே என்று மனிதருக்கு ஒரே சந்தோஷம். அலமாரியிலிருந்து புட்டியை எடுத்து இரண்டு மூடி ஊற்றினார். பழையபடி மூடிவைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

ஐரீன் வந்தாள். பழத்தை உரித்தாள். உரித்ததும் வீடு முழுக்கக் கள் வாடை. மிஞ்சிக் கனிந்த வாழைப்பழத்துக்கு அந்த வாடை உண்டு, சுட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். அந்த வாடைக்குள் இரண்டு மூடி பிராந்தி இருப்பதை எந்த மூக்கு கண்டுபிடிக்கும்? கிஸ்மிஸை வடித்துக் கொட்டிக் கலந்தாள். மேல் தட்டுப் பையை இறக்கி, தனி அச்சில், தனிக் கரண்டியால், பதினாறு வருடப் பக்குவத்தோடு எல்லாம் செய்தாள்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு நாலு பெண்கள் வந்தார்கள், ஓதினார்கள், தின்றார்கள். ஹாஜராக்கா அச்சைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தபோது கண் கலங்கியிருந்தது. “ஓரத்துண்டை அவருக்காக நான் எடுத்துக்கிட்டேன் ஐரீன். ஒரு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் எனக்குத் தொண்டையில சோறு இறங்கின மாதிரி இருக்கு” என்றார்.

கதவைச் சாத்திவிட்டு ஐரீன் திரும்பினாள். பீட்டர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்: “இந்த வருசம் பிராந்தி போதுமா? ரெண்டு மூடி ஊத்தியிருக்கேன்.”

“எதுல?”

“மேசை மேல கோப்பையில.”

ஐரீன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

4

பீட்டரைப் பற்றி எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில், ‘குடிப்பழக்கம் உள்ள பீட்டர் தள்ளாடியபடி...’ என்று எழுதத் தொடங்கினேன். அப்படி எழுதினால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிடலாம், ஐரீன் தப்பித்துக்கொள்வாள். ஆனால் அது பச்சைப் பொய். அந்த வீட்டில் ஒரு புட்டி பிராந்தி மூன்று கிறிஸ்துமஸுக்கு வரும். அவர் ஒரு வாய் குடித்து யாரும் பார்த்ததில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து அந்த மனிதர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. “நானே போய் அக்காகிட்ட சொல்லிடறேன்” என்று எழுந்திருப்பார். “நீங்க பேசாம உக்காருங்க” என்று ஐரீன் அதட்டுவாள். அவளுக்குத் தெரியும், தப்பு அவர்மேல் மட்டும் இல்லை. அந்தக் கோப்பையை எடுத்தது அவள் கை.

பத்து நாள் ஐரீன் ஒளிந்து திரிந்தாள். எதிர்க்கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே இறங்குவாள். மின்தூக்கியில் சேர்ந்து போக நேர்ந்துவிடுமோ என்று எட்டு மாடியும் படியில் நடந்தாள். ஹாஜராக்கா என்ன நினைத்தார் தெரியுமா? இவளுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து ஆட்டுக்கால் சூப் வைத்து அனுப்பினார். அந்தச் சூப்பைக் குடிக்கவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் ஐரீன் பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை. பாவம், போதும்.

நான் சமையல் குறிப்புக்காகப் போனது பதினோராவது நாள்.

5

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்தவர் அழுதுகொண்டிருக்கும்போதே முடிவு யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். நானும் ஆரம்பித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவளிடம் சொல்லவும் செய்தேன்.

“ஒண்ணு, நீ சொல்லவே வேண்டாம். தெரியாமத் தின்னா தப்பில்லைன்னு அவங்க மார்க்கத்துலயே இருக்கு. சொன்னாத்தானே அவங்களுக்கு வேதனை? ஓரத்துண்டைப் புருசனுக்காகத் தின்னவங்க. அதைப் போய்க் கெடுப்பியா?”

ஐரீன் மூக்கை உறிஞ்சினாள்.

“ரெண்டு, போய்ச் சொல்றே. அக்கா உன்னைக் கட்டிப் பிடிச்சு, ‘மனசுதான் முக்கியம் ஐரீன்’ங்கிறாங்க. ரெண்டு பேரும் அழறீங்க.”

“டீவியில வர்ற பெருநாள் விளம்பரம் மாதிரி இருக்கு டீச்சர்.”

“சரி, மூணு. சொல்றே. அக்கா கதவைச் சாத்திக்கிறாங்க. அத்தோட முடிஞ்சது.”

(வேகும்போது சாராயம் ஆவியாகிப் போய்விடாதா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நானும் கேட்டேன். “அதை அக்கா முடிவு பண்ணட்டும், நீங்களும் நானும் எதுக்குப் பண்றோம்?” என்றாள்.)

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் ஐரீன் என்மீது சீறியது அன்று ஒருநாள்தான்.

“மூணுலயும் அக்கா என்ன செய்வாங்க, அக்காவுக்கு வலிக்குமான்னுதான் பாக்கறீங்க. நான் என்ன செய்யணும்னு ஒண்ணுமே இல்ல. அவங்க கேக்கைப் பாத்தா தின்னாங்க? என் வாயை நம்பித் தின்னாங்க. அந்த வாயை மூடிக்கிட்டு, நாளைக்கும் நான் அவங்களுக்குச் சுட்டுக் குடுக்கணுமா?”

முகத்தைத் துடைத்தாள். எழுந்தாள். செருப்புகூடப் போடாமல் வாசலைத் தாண்டினாள்.

6

நான் கூடப் போகவில்லை. போக எனக்கு முகம் இல்லை. ஆனால் இரண்டு கதவும் திறந்திருந்தன, நடுவே ஆறடி நடைபாதைதான். கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். அழகுபடுத்தினால் என் கை அழுகிப்போகும்.

ஐரீன் சுற்றி வளைக்கவில்லை. கோப்பை, தேநீர், பீட்டர், இரண்டு மூடி என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.  கீழே யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

“அல்லாஹ்” என்றார் ஹாஜராக்கா, மிக மெதுவாக. பிறகு, “அந்த நாலு பேருக்கும் நான்தானே எடுத்துக் குடுத்தேன்.”

“நான் போய்ச் சொல்றேன்க்கா. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போறேன்.”

“நீ போகாதே. குடுத்தது என் கை.”

“அக்கா, என்னைத் திட்டுங்களேன். நல்லாத் திட்டிடுங்க.”

“இன்னைக்கு என்னால ஒண்ணும் பேச முடியாது ஐரீன். வீட்டுக்குப் போ.”

கதவு சாத்தப்பட்டது. அறைந்து சாத்தவில்லை. ஐரீன் திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வையில், என் மூன்றாவது முடிவு பலித்துவிட்டது என்று ஒரு கணம் எனக்குள் ஏதோ துள்ளியது. சீ, என்ன ஜென்மம் நான். அந்தத் துள்ளலையும் இங்கே எழுதிவைக்கிறேன், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

7

‘அதன்பிறகு அந்த நடைபாதையில் இரண்டு கதவுகளும்...’ (நிறுத்து. கதவுகளைப் பற்றி எழுதியது போதும்.)

நடந்தது இவ்வளவுதான். இரண்டு வாரம் எதிர்வீட்டிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஹாஜராக்காவின் மகள் ஹுஸ்னா பட்டர்வொர்த்தில் இருக்கிறாள், சனிக்கிழமைதோறும் ஃபெரியில் வந்து தாயைப் பார்த்துவிட்டுப் போவாள். அவள்தான் ஒருநாள் கீழே ஐரீனைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“உம்மா நாலு வீட்டுக்கும் நடந்தே போச்சு ஆன்ட்டி. நான் வாடகைக் கேரெத்தாவுல ஏத்திக் கூட்டிட்டுப் போறேன்னேன், வேணாம்னுடுச்சு.”

“என்ன சொன்னாங்க?”

“மூணு பேரு, தெரியாம நடந்தது, பரவாயில்லன்னாங்க. ஒருத்தவங்க மட்டும், வெளி வீட்டுல வாங்கினா இப்படித்தான் ஆகும்னு கத்திட்டாங்க. உம்மா உங்க பேரையே எடுக்கல. ‘நான் பாக்காம குடுத்துட்டேன், தப்பு என்னோடது’ன்னு சொல்லிட்டு வந்துடுச்சு.”

அன்று ஐரீன் படிக்கட்டில் நாலாவது மாடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். திட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று என்னிடம் சொன்னாள்.

8

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஐரீன் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஹாஜராக்கா. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே கறுத்த பெராங்கான் அரைச்சீப்பு.

“உக்கார எடம் இருக்கா?” என்றார்.

கூடத்தில் உட்காரவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் மேசைப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இத்தனை வருடத்தில் ஐரீன் கேக் செய்யும்போது அவர் அந்த அடுப்படிக்குள் உட்கார்ந்ததே இல்லை.

ஐரீன் மேல் தட்டுப் பையை இறக்கினாள். மாவுப் பொட்டலத்தை எடுத்தாள். அக்காவின் கண் பொட்டலத்தைப் பார்த்தது. முட்டை, வெண்ணெய், ஆப்ப சோடா. கண் ஒவ்வொன்றின் பின்னாலும் போனது. எசென்ஸ் புட்டியை ஐரீன் தானாகவே திருப்பி, முத்திரை தெரியும்படி அவர் முன்னால் வைத்தாள். ஹாஜராக்கா அதைக் கையில் எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடைசி எழுத்து வரைக்கும் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா வந்துவிட்டார் என்று ஐரீனுக்கு அழுகை வருமளவு சந்தோஷம். அந்தப் புட்டியை வாசித்தபோது நெஞ்சில் சுருக்கென்று ஏதோ தைத்ததும் உண்மை. முன்பெல்லாம் பார்க்காமலே தின்றவர். இனி பார்ப்பார். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன, எதை எதால் துடைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பீட்டர் கூடத்தில் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவும் தைரியம் இல்லை, போகவும் மனம் இல்லை.

“பீட்டர் தம்பி, அங்க நின்னு என்ன காவலா காக்கறீங்க?” என்று ஹாஜராக்கா குரல் கொடுத்தார். “வாங்க, வந்து பழத்தை மசிங்க. ஆம்பளைங்க கை சும்மா இருந்தாத்தான் எதையாவது ஊத்தத் தோணுது.”

பீட்டர் வந்தார். முள்கரண்டியால் மசித்தார். மசித்துக்கொண்டே விசும்பினார். யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கிஸ்மிஸ் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

அச்சு அடுப்புக்குள் போனது. ஐம்பது நிமிடம். மூவரும் அலாவுதீனைப் பற்றிப் பேசினார்கள். துறைமுகத்தில் ஒருமுறை பீட்டருடைய குடையை எடுத்துக்கொண்டு போய், அது தன்னுடையது என்று ஒரு வாரம் சண்டை போட்டாராம் அந்த மனிதர். சாத்தே மூங்கில் குச்சியை நடுவில் குத்திப் பார்த்தபோது சுத்தமாக வந்தது. ஆறவைத்து, துண்டு போட்டு, தட்டில் ஒன்றை எடுத்து ஐரீன் அக்காவின் முன்னால் நகர்த்தினாள்.

9

எழுத எனக்கு அனுமதி உள்ளது இதுவரைதான்.

பத்திரிகைக்குக் கொடுக்கும் முன்னால் முழுவதையும் ஹாஜராக்காவின் வீட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் ஐரீன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மிஞ்சியது இரண்டு சீப்பு இல்லை, ஒன்றரைதான் என்று திருத்தினார். (மன்னியுங்கள், மேலே மாற்றவில்லை.) சீனக் கிழவர் வரும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். கடைசித் தட்டு வரைக்கும் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“எல்லாம் போட்டுக்கங்க டீச்சர். நான் தின்னேனா இல்லையான்னு மட்டும் எழுதாதீங்க.”

“படிக்கிறவங்க கேப்பாங்களேக்கா. கதைக்கு முடிவு அதுதானே?”

“தின்னேன்னு எழுதினா, எல்லாம் பழையபடி ஆயிடுச்சுன்னு நினைப்பாங்க. தின்னலன்னு எழுதினா, ஐரீனை நான் விட்டுட்டேன்னு நினைப்பாங்க. ரெண்டும் பொய் லா.”

நான் ஐரீனைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். எழுத வேண்டாம் என்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

ஆகவே அந்தத் தட்டை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் ஹாஜராக்காவாக உட்கார்ந்து பாருங்கள், பிறகு ஐரீனாகவும் உட்கார்ந்து பாருங்கள். என்ன வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன். ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொள்ள அக்காவிடம் கெஞ்சி உத்தரவு வாங்கியிருக்கிறேன். அன்று அவர் எழுந்து போய்விடவில்லை. நடுப்பகல் லுஹர் பாங்கு கேட்கும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.